முட்டிக்குக் கீழே: கால் போன பிறகு காட்டு வேலைக்குத் திரும்பியது எப்படி

எங்கள் பக்கத்தில் யாருக்காவது காலை எடுத்துவிட்டார்கள் என்றால் இப்போதெல்லாம் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. கால் போனவர் பேசுவதில்லை, அவருடைய மச்சானோ மருமகனோதான் பேசுவார். "ஏனுங்ணா, நீங்க காட்டு வேலையே பாக்கறீங்களாமா, எந்தக் கம்பெனி காலுங்ணா, எவ்வளவு ஆச்சு?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நான் கம்பெனியையும் சொல்வதில்லை, விலையையும் சொல்வதில்லை. தையல் ஆறிவிட்டதா, முட்டியை முழுசாக நீட்ட வருகிறதா, கட்டு ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கேட்பேன். எதிர்முனையில் சப்பென்று ஆகிவிடும். ஆனால் காட்டில், அதாவது வயலில் தோட்டத்தில், நான் மறுபடி இறங்கியதற்குக் காலின் விலை காரணம் இல்லை. நம் சதை போய் உட்கார்கிற அந்தக் கிண்ணம், சாக்கெட், அது சரியாக அமைந்ததுதான் காரணம். ஐயாயிரம் ரூபாய் பாதமானாலும் லட்ச ரூபாய் பாதமானாலும் சாக்கெட் கடித்தால் கால் மூலையில்தான் நிற்கும். போனில் இதையெல்லாம் விளக்கி முடிவதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

நமக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல், மேட்டுப் பக்கம் மஞ்சளும் கொஞ்சம் வாழையும். சத்தி ரோட்டில் பைக்கில் வரும்போது லாரி அணைத்ததில் இடது கால் கணுக்காலுக்கு மேலே நொறுங்கிவிட்டது. கோயமுத்தூரில் கம்பி வைத்து, சதை வைத்து ஒட்டி, காப்பாற்றத்தான் பார்த்தார்கள். கிருமி ஏறிக்கொண்டே போனதால் கடைசியில் முட்டிக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்தார்கள். விபத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

முட்டியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். முட்டிக்குக் கீழே ஒரு காலை இழந்தவர் செயற்கைக் காலோடு நடக்கும்போது மற்றவர்களை விட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சக்தி கூடுதலாகச் செலவாகிறது என்பார்கள். முட்டிக்கு மேலே என்றால் அது பாதிக்கும் மேல் போய்விடும். சொந்த முட்டி இருந்தால் படி ஏறலாம், சேற்றிலிருந்து காலை உருவலாம், சைக்கிள்கூட மிதிக்கலாம். அதனால் மேலே எடுத்தவர்களுக்கு நான் சொல்வது எல்லாம் அப்படியே பொருந்தாது. அவர்களுக்குச் செயற்கை முட்டி என்று தனியாக ஒன்று வருகிறது, அதைப் பழகுவது வேறு கதை, அதை அதில் நடப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் செய்கிற வேலைதான் பின்னால் நடக்கப் போகிற நடையை முடிவு செய்கிறது, ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் அதைக் காதில் வாங்குகிற மனநிலை இருக்காது. வீட்டில் எல்லாரும் செய்கிற காரியம், மீதிக் காலுக்கு அடியில் ஒரு தலையணை வைப்பது. எங்கள் அம்மா வைத்துக்கொண்டே இருந்தது, பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் எடுத்துக்கொண்டே இருந்தார். "வலிக்குதுன்னு சொல்றான், வெச்சா என்ன கண்ணு?" என்று அம்மா கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. "இப்ப சுகமா மடக்கி வெச்சா முட்டி மடங்கினபடியே இறுகிடும்மா, அப்புறம் எந்தக் காலையும் மாட்ட முடியாது." அது உண்மை. முட்டி பத்துப் பதினைந்து டிகிரி மடங்கியே இறுகிவிட்டால்கூட நடை கோணலாகிவிடும், ரொம்பவும் இறுகிவிட்டால் சாக்கெட்டே போட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு பலகையை நீட்டி அதன் மேல் காலை நேராக வைக்க வேண்டும். கட்டிலில் தொங்கப்போடக் கூடாது. தினமும் இரண்டு மூன்று முறை அரை மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டும், இடுப்பு மடங்கி இறுகாமல் இருக்க. சலிப்பான வேலைதான். நான் குப்புறப் படுத்தபடி போனில் மஞ்சள் மார்க்கெட் விலை பார்த்துக்கொண்டிருப்பேன்.

கட்டுப் போடுவதும் அப்படித்தான். கிரேப் பேண்டேஜை நேராக வட்டமாகச் சுற்றக்கூடாது, எட்டு போடுகிற மாதிரி குறுக்கும் மறுக்குமாகச் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்க வேண்டும். மேலே இறுக்கி நுனியைத் தளர விட்டால் ரத்தம் கீழேயே தேங்கி நுனி குண்டாகிவிடும், அந்த உருவம் எந்தக் கிண்ணத்துக்குள்ளும் இறங்காது. ஒரு நாளில் பல முறை அவிழ்த்துச் சுற்ற வேண்டியிருக்கும். என் வீட்டம்மா இதில் நர்ஸை விடக் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். இப்போது இதற்கென்றே இறுக்கமான உறை கிடைக்கிறது, தையல் ஆறியதும் டாக்டரைக் கேட்டு அதை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கூடவே வெட்டிய இடத்தைத் தொட்டுப் பழக வேண்டும். முதலில் பஞ்சு, அப்புறம் துணி, அப்புறம் துண்டால் தேய்ப்பது, உள்ளங்கையால் தட்டுவது. பார்க்கவே பிடிக்காத ஒன்றைத் தொடச் சொல்கிறார்களே என்று இருக்கும். தொடாமல் விட்டால் அந்த இடம் கூசிக்கொண்டே இருக்கும், சாக்கெட்டுக்குள் அழுத்தும்போது தாங்காது.

இன்னொரு ஆபத்து ராத்திரி வருவது. தூக்கத்தில் எழுந்தால் மூளைக்குக் கால் போனது தெரியாது, இருக்கிற நினைப்பில் இறங்கி விழுகிறவர்கள் நிறையப் பேர். விழுந்தால் நேராகத் தையல் மேலேயே விழுவோம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்துவிடுங்கள், இறங்கும்போது தட்டுப்பட்டு நினைவு வந்துவிடும். ஊன்றுகோல் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் நொண்டி அடித்துப் பாத்ரூம் போகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இல்லாத கால் வலிப்பது பற்றி. எனக்குக் கட்டைவிரலும் பக்கத்து விரலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி முறுக்கிக்கொண்டு இருக்கிற மாதிரியே இருக்கும். ராத்திரி பாதத்தில் கரண்ட் அடிக்கும். பாதமோ இல்லை. "பேய் பிடிச்ச மாதிரி பேசறானே" என்று வீட்டில் பயந்தார்கள், நானும் பயந்தேன். இது மனப்பிரமை கிடையாது. மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியேதான் இருக்கிறது. இதில் நம்மவர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து இதற்கு வழி கண்டார். இரண்டு காலுக்கும் நடுவில் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கால் அதில் தெரிகிற மாதிரி உட்கார வேண்டும். பார்த்தால் இரண்டு காலும் இருப்பது போலத் தெரியும். நல்ல கால் விரல்களை மெதுவாக விரித்து மடக்கினால், முறுக்கிக்கொண்டிருக்கிற அந்த இல்லாத விரல்களும் அவிழ்வது போல ஒரு உணர்வு. பீரோக் கண்ணாடியைக் கழற்றி வைத்துத் தினமும் கால் மணி நேரம் செய்தேன். முறுக்கு நன்றாகக் குறைந்தது, கரண்ட் அடிப்பது அவ்வளவாகக் குறையவில்லை. அதற்கு நரம்பு வலிக்கான மாத்திரை டாக்டர் கொடுத்தார், கொஞ்ச காலம் சாப்பிட்டுக் குறைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் கண்ணாடி வேலை செய்யும் என்று சொல்லமாட்டேன். செலவில்லாத வைத்தியம், முயற்சி செய்து பார்க்கலாம். செயற்கைக் காலை மாட்டி நடக்க ஆரம்பித்த பிறகு மீதி வலியும் பெரும்பாலும் அடங்கிவிட்டது, மழை நாளைத் தவிர.

இப்போது சாக்கெட். என் முதல் கால் ஒரு தனியார் கடையில் செய்தது. மாவுக்கட்டு வைத்து அளவு எடுத்தார்கள், கொஞ்ச நாளில் கொடுத்தார்கள், "போகப் போகப் பழகிடுங்க" என்றார்கள். நடந்தால் முட்டிக்கு வெளிப்பக்கம், கீழே கைக்குத் தட்டுப்படும் சின்ன எலும்பு இருக்கிறதே, அங்கே உயிர் போகும். திரும்பப் போனால் அதே வார்த்தைதான், பழகிடும். தோல் உரிந்து புண்ணானது. புண் ஆறும் வரை கால் போட முடியாது, அதற்குள் நடை மறந்துவிடும், மறுபடி ஆரம்பம். பழகினால் சரியாகும் வலி வேறு, சரியாகவே ஆகாத வலி வேறு. பிரித்துப் பார்ப்பது சுலபம். காலைக் கழற்றியதும் சிவந்திருக்கிற இடங்களைக் கைக்கண்ணாடியில் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சிவப்பு மறைந்தால் கவலையில்லை. மறையவில்லை என்றால் சாக்கெட் தவறு. முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில் அழுத்தம் விழலாம், அது தாங்கும், பெரும்பாலான சாக்கெட்டுகளின் வடிவமே அங்கே எடை ஏறுகிற மாதிரிதான். வெட்டிய எலும்பின் முனையிலும் அந்தச் சின்ன எலும்பின் தலையிலும் விழக்கூடாது. அந்த இடங்களைச் சூடு வைத்து வெளியே தள்ளிக் கொடுக்கவோ, உள்ளே இருக்கும் மெத்தையைத் தேய்த்துக் கொடுக்கவோ கைப்பக்குவம் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. கூச்சப்படாமல் திரும்பத் திரும்பப் போய்க் கேளுங்கள். சட்டை பிடிக்கிறது என்றால் தையல்காரரிடம் நான்கு தடவை போகிற நாம், கால் செய்கிறவரிடம் மட்டும் ஏனோ கும்பிடு போட்டு வாங்கி வந்துவிடுகிறோம்.

அப்புறம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும், முதல் சாக்கெட் நிரந்தரம் இல்லை. நடக்க நடக்க மீதிக் கால் சுருங்கும், முதல் வருஷம் ரொம்பவே சுருங்கும். காலையில் கச்சிதமாக இருந்தது மத்தியானம் லொடலொட என்று ஆடும். அதற்குத்தான் கனம் வேறுபட்ட காலுறைகள் கொடுக்கிறார்கள். முட்டிச் சில்லின் அடியில் வலி தெரிந்தால் கால் உள்ளே ரொம்ப இறங்கிவிட்டது என்று அர்த்தம், ஒரு உறை கூட்ட வேண்டும். கால் அடிவரை போகாமல் மேலேயே நின்றால் ஒன்றைக் குறைக்க வேண்டும். வெளியே போகும்போது என் சட்டைப் பையில் பணம் இருக்கிறதோ இல்லையோ ஒரு மெல்லிய உறை இருக்கும். உறை மேல் உறையாகப் போட்டும் நிற்கவில்லை என்றால் புது சாக்கெட்டுக்கு நேரம் வந்துவிட்டது. பாதத்தை மாற்ற வேண்டியதில்லை, சாக்கெட் மட்டும் மாற்றினால் போதும், இதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது காலை ஒரு முகாமில் இலவசமாக வாங்கினேன், ஜெய்ப்பூர் கால். இலவசம் என்றால் மட்டம் என்ற நினைப்பு நம் ஊரில் நிறைய உண்டு. இந்தக் காலின் கதை தெரிந்தால் அப்படி நினைக்கமாட்டார்கள். 1960களின் கடைசியில் ஜெய்ப்பூர் சவாய் மான் சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அப்போது வெளிநாட்டு முறைப்படி செய்த பாதங்கள் ஷூவுக்குள் போடுகிற மாதிரிதான் இருந்தன. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுகிறவனுக்கும், குத்த வைத்து உட்காருகிறவனுக்கும், வயலில் வெறுங்காலோடு நிற்கிறவனுக்கும் அது எதற்கு ஆகும்? ரப்பரில், வெறும் பாதம் மாதிரியே, நனைந்தாலும் கெடாமல், எல்லாப் பக்கமும் வளைகிற மாதிரி செய்தார்கள். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. 1975இல் தொடங்கிய பகவான் மகாவீர் அமைப்பு இதை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதே 1981இல்தான் திருச்சிப் பக்கம் நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு நடனக் கலைஞர் சுதா சந்திரனுக்குக் கால் போனது. ஜெய்ப்பூர் காலோடு 1984இல் மேடை ஏறி ஆடினார். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், முகாமில் ஒரே நாளில் அளவெடுத்து மாட்டி அனுப்பிவிடுவார்கள், பின்னால் சரிசெய்ய அவர்கள் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். அங்கேயே நன்றாக நடந்து பார்த்து, உட்கார்ந்து எழுந்து பார்த்து, கடிக்கிற இடத்தைச் சொல்லித் தேய்த்து வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

செருப்பு விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. ஷூவுக்கென்று செய்த பாதத்தை ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்பச் சாய்த்துப் பொருத்துவார்கள். அந்த ஷூவைக் கழற்றிவிட்டு நின்றால் குதிகால் தாழ்ந்து உடம்பு பின்னால் சாயும், முட்டி பின்பக்கம் தள்ளும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் தடுமாறுகிறவர்கள் பலம் இல்லாமல் தடுமாறுவதில்லை, இதனால்தான். அளவு கொடுக்கும்போதே, நான் பாதி நாள் வெறுங்காலோடு இருக்கிற ஆள், கோயிலுக்குப் போவேன், வீட்டுக்குள் செருப்புப் போடமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலுக்கு நான் இப்போதும் போகிறேன், ஒரு தடுமாற்றமும் இல்லை. தீ மிதிக்கிற குண்டம் மட்டும் இறங்குவதில்லை. ஆத்தா மன்னித்தாலும் ரப்பர் மன்னிக்காது.

நம் ஊர் வெயில்தான் அடுத்த எதிரி. சித்திரை மாதத்தில், சாக்கெட்டுக்குள் போகும் முன் மீதிக் காலில் மாட்டுகிற சிலிகோன் உறையைக் கழற்றினால் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வியர்வை கொட்டும். வியர்வையோடு நடந்தால் கால் உள்ளே வழுக்கும், வழுக்கினால் உரசும், உரசினால் கொப்புளம். வெட்கத்தை விட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மர நிழலில் உட்கார்ந்து கழற்றி, துடைத்து, காற்றாட விட்டு மாட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ராத்திரி உறையை மைல்டான சோப்புப் போட்டு அலசி நிழலில் காய வைக்க வேண்டும். மீதிக் காலையும் ராத்திரியே கழுவுவது நல்லது, காலையில் நெடுநேரம் ஊற வைத்தால் லேசாக உப்பி சாக்கெட்டுக்குள் போகாது. அந்த இடத்தில் முடி சிரைக்கக் கூடாது, முளைக்கும்போது குத்திச் சீழ் வைக்கும். இவ்வளவுதான் பராமரிப்பு, ஆனால் ஒரு நாள்கூட விட முடியாது.

உடைக்கு வருவோம். வேட்டியைப் போல் செயற்கைக் காலுக்கு வசதியான உடை உலகத்தில் இல்லை. எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து காலைக் கழற்றி மாட்டலாம். பேண்ட் என்றால், முதலில் ஷூவோடு செயற்கைக் காலைப் பேண்ட்டுக்குள் விட்டு வைத்துக்கொண்டு, அப்புறம் நம் காலை அதில் இறக்க வேண்டும், தலைகீழாக முயற்சி செய்தால் கல்யாண முகூர்த்தம் முடிந்துவிடும். வேட்டியில் ஒரே சிக்கல், மடித்துக் கட்டினால் எல்லாம் தெரியும். ரொம்ப நாள் மடித்துக் கட்டாமல் இழுத்துக்கொண்டு திரிந்தேன், அது காலில் சிக்கி விழப் பார்த்ததுதான் மிச்சம். டீக்கடை முன்னால் ஒருநாள் மடித்துக் கட்டினேன். நாலு பேர் பார்த்தார்கள். ஒரு பெரியவர் குனிந்து தட்டிப் பார்த்து, "பைப்பு நல்ல கனமாத்தான் போட்டிருக்கறான்" என்றார். அதோடு சரி, அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான். வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, குளிக்க வழுக்காத ஸ்டூல். குத்த வைத்து உட்கார முடியாதா என்றால் முடியும், ஆனால் சாக்கெட்டின் பின் விளிம்பு தொடையடி நரம்பில் குத்தும், கால் மரத்துப் போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். தரையில் விழுந்தால் எப்படி எழுவது என்பதை விழாமலேயே பழகி வைக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையையும் ஊன்றி, நல்ல கால் முட்டியை அடியில் கொண்டுவந்து எழ வேண்டும். எனக்குப் பிசியோதெரபியில் வேண்டுமென்றே விழச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்கள். விழுந்து எழத் தெரிந்த பிறகுதான் வரப்பில் ஏறுகிற தைரியமே வந்தது.

வரப்பு சமதளம் இல்லை. செயற்கைப் பாதத்துக்குத் தரை எப்படி இருக்கிறது என்று தெரியாது, கண்தான் சொல்ல வேண்டும், அதனால் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், இருட்டில் டார்ச் இல்லாமல் போகக்கூடாது. முதலில் வாய்க்கால் மேட்டு மண்பாதையில் பழகினேன், அப்புறம் அகல வரப்பு, கடைசியாகக் குறுக்கு வரப்பு. ஒரு கையில் மண்வெட்டி இருந்தால் அதுவே ஊன்றுகோல், யாருக்கும் சந்தேகமும் வராது. சேறு வேறு ரகம். காலை உருவும்போது சேறு பாதத்தைப் பிடித்து இழுக்கும், நாம் மேலே வருவோம், கால் அங்கேயே நிற்கும். சிலிகோன் உறையில் அடியில் முள் மாதிரி ஒரு பூட்டு இருக்கும், அதற்குள் மண் போனால் காலைக் கழற்றவே முடியாது. அதனால் காட்டுக்கு ஒரு கால், ஊருக்கு ஒரு கால் என்று வைத்திருக்கிறேன். தொடையில் வார் கட்டுகிற பழைய ஜெய்ப்பூர் கால் காட்டுக்கு, பூட்டு வைத்தது ஊருக்கு. பழைய காலைத் தூக்கிப் போடாதீர்கள் என்று இதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். நடவுச் சேற்றில் நாள் முழுக்க நான் இறங்குவதில்லை, அதற்கு ஆள் விடுகிறேன். தண்ணீர் கட்டுவது, மருந்து அடிப்பது, மஞ்சளுக்கு மண் அணைப்பது, வாழைத்தார் வெட்டுவது எல்லாம் நானேதான். டிராக்டரும் ஓட்டிப் பார்த்தேன். இடது பாதத்தில் கிளட்ச் எவ்வளவு இறங்கியது என்பது தெரியாது, முட்டியில் உணர்ந்து மிதிக்க வேண்டும். காட்டுக்குள் முடியும், ரோட்டில் ஓட்டுவதில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பைக்கில் கியர் இடது காலில் இருப்பதால் அதை விற்றுவிட்டு கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கினேன். நிற்கும்போது வலது காலை ஊன்றிப் பழக வேண்டும், உடம்பு தானாக இடது பக்கம் சாயப் பார்க்கும். லைசென்ஸை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பின்னால் எங்காவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பிடிப்பது இதைத்தான்.

காகித வேலைகளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஆரம்பிக்கச் சொல்வேன். டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், எக்ஸ்ரே எதையும் தொலைக்காதீர்கள். 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஊனம் நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள், அதை வைத்து யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு டவுன் பஸ் இலவசம், அது 2021இல் வந்தது. கான்பூரில் இருக்கிற அலிம்கோ என்கிற அரசு நிறுவனம் தயாரிக்கிற கால்களை மத்திய அரசுத் திட்டத்தில் கொடுக்கும் முகாம்களும் நடக்கின்றன. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, கால் செய்வதும் நடை பழக்குவதும் ஒரே இடத்தில். விபத்து வழக்கு நடத்துகிறவர்கள் வக்கீலிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். செயற்கைக் கால் ஒரு தடவைச் செலவு கிடையாது, சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த மாற்றுச் செலவையும் பராமரிப்பையும் இழப்பீட்டில் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்காமல் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரு சாதனையாளர் கதையோடுதான் வருவார்கள். ஒற்றைக் காலோடு 2013இல் எவரெஸ்ட் ஏறிய அருணிமா சின்ஹா, பைக் விபத்தில் கால் போய் டோக்கியோவிலும் பாரிசிலும் ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கிய சுமித் அன்டில், 2019இல் பாரா பேட்மிண்டன் உலகப் பட்டம் வென்ற மானசி ஜோஷி. பெரிய மனிதர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு பாத்ரூம் எப்படிப் போவது என்று யோசிக்கிறவனிடம் எவரெஸ்டைச் சொன்னால் அவனுக்கு எரிச்சல்தான் வரும், எனக்கு வந்தது. எனக்கு உதவியது அந்தியூர்ப் பக்கத்து மாட்டு வியாபாரி ஒருவர். சர்க்கரையால் கால் போனவர். யாரோ சொல்லி என்னைப் பார்க்க வந்தார், நடந்து உள்ளே வந்து, உட்கார்ந்து, வேட்டியை விலக்கிக் காலைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்தார். "பாத்துக்க தம்பி, இவ்வளவுதான் சமாச்சாரம்" என்றார். எங்கே கடிக்கும், எப்படித் துடைப்பது, சந்தைக்கு எப்படி பஸ் ஏறுவது என்று எல்லாம் சொல்லி, காபி குடித்துவிட்டு, மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு ராத்திரி அம்மா முதல் தடவையாக அழாமல் சாப்பிட்டது. கால் போனவருக்கு உதவ வேண்டும் என்றால் பழத்தோடு வராதீர்கள், கால் போய் நடக்கிற இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மிச்சமிருக்கிற காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இனி அதற்குத்தான் சுமை அதிகம். எனக்கு முட்டி வலி எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது, அதனால் உடம்பு எடை கூடாமல் பார்த்துக்கொள்கிறேன். நாலைந்து கிலோ கூடினாலும் குறைந்தாலும் சாக்கெட்டும் சேர்ந்து சரியில்லாமல் போய்விடும். சர்க்கரையால் கால் போனவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. தினமும் ராத்திரி நல்ல பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கவே கூடாது, கோயிலிலும்தான். சுடுதண்ணீரில் காலை வைக்கும் முன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் வெறுங்காலோடு திரிவதைப் பார்த்து அவர்கள் திரியக் கூடாது, எனக்கு உணர்ச்சி இருக்கிறது, அவர்களில் பலருக்கு இல்லை.

என் ஊருக்கான கால் இப்போது உறை இரண்டு போட்டும் மாலையில் ஆடுகிறது. மஞ்சள் வெட்டு முடிந்ததும் புது சாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போகிறேன். பின் விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்க வேண்டும், பந்தியில் தரையில் உட்கார்ந்தால் இன்னும் குத்துகிறது. அளவு கொடுக்கும்போது காலையில் ஒருமுறை, வேலை முடிந்து வந்து சாயங்காலம் ஒருமுறை சுற்றளவு எடுக்கச் சொல்லப் போகிறேன். எடுப்பவருக்குப் பிடிக்காது, இருந்தாலும் எடுக்கத்தான் வேண்டும்.